நகரத்தின் கருணை: லூயிவில் பல்சமய முயற்சிகளின் வரலாறு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஓஹையோ ஆற்றங்கரையில் அமைந்த லூயிவில், குதிரைப் பந்தயத்தாலும் குத்துச்சண்டை வீரர் முகமது அலியாலும் பெயர்பெற்ற ஊர். மக்கள்தொகை 6 லட்சத்துக்குச் சற்று அதிகம். 2011 நவம்பர் 11 அன்று அந்நகரின் மேயர் கிரெக் ஃபிஷர் ஒரு தீர்மானத்தில் கையெழுத்திட்டார். அடுத்த பத்தாண்டுகளுக்குக் கருணையை நகர வாழ்வின் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டு செயல்படுவது என்பது அதன் சாரம். சாலை, குடிநீர், குப்பை, காவல் என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகம் ஒன்று கருணையையும் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது புதுமைதான். ஆனால் அத்தீர்மானம் திடீரென வந்ததல்ல. கால் நூற்றாண்டாக அங்குள்ள பல சமயத்தவர் சேர்ந்து செய்துவந்த வேலை அதற்கு அடித்தளமாக இருந்தது. பின்னால் வந்த பத்தாண்டுகள் அந்த வேலையின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டின.

1855: சமயப் பகையின் நாள்

சமய நல்லிணக்கம் லூயிவில்லின் பிறவிக் குணமன்று. 1840-களிலும் 1850-களிலும் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடிபெயர்ந்தவர்கள் பெருந்திரளாக வந்து குடியேறினர். அவர்களில் பலர் கத்தோலிக்கர். குடியேறிகளையும் கத்தோலிக்கத்தையும் எதிர்த்து நாடெங்கும் வளர்ந்த 'நோ நத்திங்' இயக்கம் லூயிவில்லிலும் வேரூன்றியது. நகரின் முன்னணி நாளிதழ் ஆசிரியர் ஜார்ஜ் பிரெண்டிஸ் தலையங்கங்களில் கத்தோலிக்கருக்கு எதிராகத் தொடர்ந்து எழுதினார்.

1855 ஆகஸ்ட் 6, தேர்தல் நாள். வாக்குச்சாவடிகளில் குடியேறிகள் தடுக்கப்பட்டனர். கும்பல்கள் அயர்லாந்துக்காரர், ஜெர்மானியர் வாழ்ந்த தெருக்களில் புகுந்து வீடுகளுக்குத் தீவைத்தன. குறைந்தது 22 பேர் இறந்தனர். ஐந்தாம் தெருவில் அப்போது கட்டி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த விண்ணேற்பு அன்னை பேராலயத்தில் ஆயுதங்கள் பதுக்கப்பட்டிருப்பதாக வதந்தி பரவியது. மேயர் ஜான் பார்பீயும் நோ நத்திங் கட்சிக்காரர்தான். ஆயினும் பேராலயத்தைச் சோதித்துப் பார்த்து, அங்கே ஆயுதம் எதுவும் இல்லை என்று அறிவித்தார். கட்டடம் தப்பியது. அந்த நாள் 'குருதித் திங்கள்' என்ற பெயரில் நகர வரலாற்றில் நிலைத்தது. பொது நூலகத்தின் முன் நெடுங்காலம் நின்ற பிரெண்டிஸின் சிலை 2018 டிசம்பரில்தான் அகற்றப்பட்டது. அன்று தப்பிய பேராலயமே பின்னாளில் நகரின் பல்சமய முயற்சிகள் தொடங்கிய இடம் என்பது கவனிக்கத் தக்கது.

ஒரு துறவி, ஒரு குத்துச்சண்டை வீரர்

லூயிவில்லின் பல்சமயப் பேச்சில் இருவர் பெயர் எப்போதும் அடிபடும். ஒருவர் தாமஸ் மெர்ட்டன். பிரான்சில் 1915-இல் பிறந்த இவர், 1941-இல் லூயிவில்லுக்குத் தெற்கேயுள்ள கெத்செமனி மடத்தில் கத்தோலிக்க டிராப்பிஸ்ட் சபைத் துறவியாகச் சேர்ந்தார். 1958 மார்ச் 18 அன்று மடத்து வேலையாக நகரத்துக்கு வந்தவர், நான்காம் தெருவும் வால்நட் தெருவும் சந்திக்கும் கடைத்தெரு முனையில் நின்றார். கடந்து சென்ற முகம் தெரியாத மக்கள் அனைவரும் தமக்குச் சொந்தம், ஒருவரும் அந்நியரல்லர் என்ற உணர்வு அவரை ஆட்கொண்டது. அதுவரை உலகை விட்டு விலகுவதே துறவு என்று கருதியவர், அதன்பின் இனவெறி, போர், அணுகுண்டு ஆகியவற்றுக்கு எதிராக எழுதத் தொடங்கினார். பௌத்தம், சூஃபி நெறி, யூதம், இந்து சமயம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களோடு கடிதத் தொடர்பு கொண்டார்.

1968-இல் ஆசியப் பயணம் வந்த மெர்ட்டன் தர்மசாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்தார். நவம்பர் இறுதியில் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்தார். அங்கிருந்து இலங்கை சென்று பொலன்னறுவைப் புத்தர் சிலைகளைக் கண்டார். டிசம்பர் 10-இல் பாங்காக்கில் எதிர்பாராமல் இறந்தார். தலாய் லாமா 1996-இல் கெத்செமனி மடத்துக்குச் சென்று அவர் கல்லறையில் வணங்கினார். கென்டக்கிக்கும் திபெத்திய பௌத்தத்துக்கும் உள்ள உறவு இவ்வாறு தொடங்கியது.

மற்றவர் முகமது அலி. 1942-இல் லூயிவில்லில் காஷியஸ் கிளே என்ற பெயரில் பிறந்தார். தந்தை விளம்பரப் பலகைகளும் தேவாலயச் சுவரோவியங்களும் வரைந்தவர். தாய் பாப்டிஸ்ட் கிறித்தவர். 1964-இல் உலகப் பட்டம் வென்றதும் தாம் இஸ்லாத்தை ஏற்றதை அலி அறிவித்தார். வியட்நாம் போருக்குச் செல்ல 1967-இல் சமய நம்பிக்கையைக் காரணம் காட்டி மறுத்தார், பட்டத்தையும் இழந்தார். அப்போது ஊரில் பலர் அவரைத் தூற்றினர். 1978-இல் அதே ஊர் வால்நட் தெருவுக்கு முகமது அலி பெருஞ்சாலை என்று பெயர் சூட்டியது. மெர்ட்டன் நின்ற முனை இன்று அலியின் பெயரைத் தாங்கிய சாலையில் இருக்கிறது.

இந்தத் தற்செயல் பொருத்தத்தை நகரத்தார் பெருமையோடு சொல்வதுண்டு. சொல்லாமல் விடுவதும் ஒன்று உண்டு. மெர்ட்டன் அந்த முனையில் நின்ற 1958-இல், நான்காம் தெருவின் உணவகங்களில் கறுப்பின மக்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1961-இல் கறுப்பின மாணவர்கள் கடைகள் முன் மறியல் செய்தனர். ஈஸ்டருக்குப் புத்தாடை வாங்காமல் அவர்கள் சமூகமே கடைகளைப் புறக்கணித்தது. 1963-இல்தான் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்யும் நகரச் சட்டம் வந்தது. கடைத்தெருவில் நின்ற துறவிக்கு ஒரு கணத்தில் தோன்றிய ஒருமை, அதே தெருவில் நடைமுறைக்கு வர மறியலும் சட்டமும் தேவைப்பட்டன. லூயிவில்லின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த இடைவெளியைச் சுற்றியே நகர்கிறது.

பேராலயத் திருப்பணியும் சமய விழாவும்

1980-களில் விண்ணேற்பு அன்னை பேராலயம் பழுதடைந்திருந்தது. மக்கள் புறநகர்களுக்குப் போய்விட்டதால் நகர மையமும் களையிழந்திருந்தது. பேராலயத்தைப் புதுப்பிக்க 1985-இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. கிறிஸ்டினா லீ பிரவுன் அதன் நிறுவனர்களுள் ஒருவர். ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு நகரம் முழுவதும் நிதி கேட்பதானால், அந்தக் கோயில் நகரம் முழுவதற்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் அதில் வலுப்பெற்றது. திருப்பணியில் தொடங்கிய அமைப்பு பல்சமய உறவை வளர்க்கும் பணிக்கு நகர்ந்து, நாளடைவில் 'பல்சமய உறவுகள் மையம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அதன் முதன்மைப் பணி 1996-இல் தொடங்கிய 'சமயங்களின் திருவிழா'. பல நாள் நடக்கும் இவ்விழாவில் கிறித்தவர், யூதர், முஸ்லிம், இந்து, பௌத்தர், சீக்கியர், அமெரிக்கப் பழங்குடியினர் எனப் பலரும் ஒரே மேடையில் பேசுகின்றனர். இசையும் தியானமும் கலந்துரையாடலும் உண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பொருள் வகுக்கப்படும். 2013-இல் மௌனம் கருணைக்கு வழி என்பது பொருள், 2016-இல் வன்முறையின்மை, 2019-இல் சமயமும் அறிவியலும். 2013 மே மாதம் தலாய் லாமா லூயிவில்லுக்கு வந்து பெரும் உள்விளையாட்டரங்கில் பேசியபோது இவ்விழாவும் அதையொட்டியே நடந்தது.

விழாவின் பயன் மேடையில் நடப்பதைவிட மேடைக்குப் பின்னால் அதிகம். ஆண்டுதோறும் திட்டமிட, இடம் பிடிக்க, விருந்தினரைத் தங்கவைக்க என்று பல சமய அமைப்புகளின் பொறுப்பாளர்கள் மாதக்கணக்கில் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. பள்ளிவாசல் இமாமின் தொலைபேசி எண் பேராலயப் பங்குத்தந்தையிடம் இருக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. நெருக்கடி வரும்போது அந்த எண்ணே உதவுகிறது.

கருணைச் சாசனம்

சமய வரலாற்று ஆசிரியர் கேரன் ஆம்ஸ்ட்ராங் 2008-இல் டெட் விருது பெற்றார். எல்லாச் சமயங்களின் அறநெறிக்கும் மையம் கருணையே என்று கூறும் சாசனம் ஒன்றை உருவாக்க உதவுமாறு அப்போது அவர் கேட்டுக்கொண்டார். இணையவழியாக உலகெங்குமிருந்து கருத்துகள் திரட்டப்பட்டன. பல சமய அறிஞர் குழு ஒன்று அவற்றைச் சுருக்கி வடிவம் கொடுத்தது. 2009 நவம்பர் 12 அன்று கருணைச் சாசனம் வெளியாயிற்று. தனக்கு நேர வேண்டாம் என்று ஒருவர் நினைப்பதைப் பிறருக்குச் செய்யலாகாது என்ற பொதுவிதியை அது மையமாக வைக்கிறது. சமய நூல்களை வெறுப்புக்கும் வன்முறைக்கும் ஆதாரமாக்கும் விளக்கங்களை ஏற்க மறுக்கிறது.

தனிமனிதர் கையெழுத்திடும் ஆவணமாக எழுந்த இதை நகரங்களும் ஏற்கலாம் என்ற எண்ணம் சியாட்டிலில் செயலுக்கு வந்தது. 2010-இல் சாசனத்தை ஏற்ற முதல் நகரம் அது. அடுத்த ஆண்டு லூயிவில் பின்தொடர்ந்தது. 2011 ஜனவரியில் பதவியேற்ற ஃபிஷர் தொழிலதிபர். வாழ்நாள் கல்வி, உடல்நலம், கருணை ஆகிய மூன்றையும் நகர நிர்வாகத்தின் விழுமியங்களாக அவர் முன்வைத்தார். ஒவ்வொருவரின் திறனும் மலர இடம் தருவதே கருணை என்பது அவர் தந்த விளக்கம். சமயச் சொல் ஒன்றை நிர்வாகச் சொல்லாக்கும் முயற்சி இது. அரசும் சமயமும் கலவாமை அமெரிக்க அரசமைப்பின் விதி என்பதால் இந்த மாற்றம் அவசியமும் ஆயிற்று.

தீர்மானத்தைத் தொடர்ந்து கல்வி, மருத்துவம், வணிகம், சமயம் எனத் துறைவாரியாகத் தன்னார்வக் குழுக்கள் அமைந்தன. கென்டக்கி டெர்பி பந்தயத்துக்கு முந்தைய ஏப்ரல் வாரம் நகரம் முழுவதும் தொண்டு வாரமாக்கப்பட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகமும் மாவட்டப் பொதுப்பள்ளி நிர்வாகமும் சேர்ந்து 2015-இல் 'கருணைப் பள்ளிகள்' திட்டத்தைத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கின. கவனப் பயிற்சி, உடலசைவு, சத்துணவு அறிவு, உணர்ச்சிகளைக் கையாளுதல் ஆகியவற்றைச் சமயச் சார்பின்றிக் கற்பிக்கும் பாடத்திட்டம் அது. கருணைச் சாசன இயக்கம் லூயிவில்லைப் பலமுறை முன்மாதிரி நகரமாக அறிவித்தது.

அன்றாட ஏற்பாடுகள்

விருதுகளையும் விழாக்களையும்விட ஏழைக் குடும்பங்களுக்கு அதிகம் உதவியது, இவற்றுக்கு முன்பே தோன்றிய எளிய ஏற்பாடு ஒன்று. லூயிவில்லின் ஒவ்வொரு வட்டாரத்திலும் அங்குள்ள சபைகள் கூட்டாக நடத்தும் சமூக உதவி அமைப்பு உண்டு. மின்சாரத்தைத் துண்டிக்கப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது, வாடகை பாக்கி நிற்கிறது, வீட்டில் அரிசி பருப்பு இல்லை என்ற நிலையில் இருப்பவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அவருடைய முகவரியே முடிவு செய்கிறது. அவர் எந்தச் சமயம், எந்தச் சபை என்று கேட்பதில்லை. கட்டண அறிவிப்பு, வருமானச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இயன்ற தொகை மின் நிறுவனத்துக்கோ வீட்டுக்காரருக்கோ நேரடியாகச் செலுத்தப்படும். நகர நிர்வாகமும் இவ்வமைப்புகளுக்கு நிதி தருகிறது. சபைகள் தனித்தனியே தருமம் செய்தால் ஒரே குடும்பம் நாலு இடம் அலைய நேரும். எங்கும் போகத் தெரியாத குடும்பம் விடுபட்டும் போகும். வட்டாரப் பங்கீடு அதைத் தவிர்க்கிறது.

உணவு வங்கியின் கதையும் இத்தகையது. 1969 நவம்பரில், நன்றி நவிலும் பெருநாளுக்கு முந்தைய நாள், லூயிவில்லில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்தான். மறுநாள் ஊரே விருந்துண்ணும் நேரத்தில் வந்த இச்செய்தி நகரை உலுக்கியது. கத்தோலிக்கக் குரு ஒருவரின் முன்முயற்சியால் 'டேர் டு கேர்' என்ற அமைப்பு பிறந்தது. இன்று அது கென்டக்கியிலும் அண்டை மாநிலமான இண்டியானாவிலும் பல மாவட்டங்களுக்கு உணவு சேர்க்கும் உணவு வங்கி. தேவாலய அடித்தளங்களில் இயங்கும் சிறு உணவுக் கிடங்குகள் பலவும் அதிலிருந்தே பொருள் பெறுகின்றன.

அகதிகளைக் குடியமர்த்துவது மூன்றாவது துறை. 1990-களில் போஸ்னிய முஸ்லிம்கள் பெருமளவில் லூயிவில்லுக்கு வந்தனர். பின்னர் சோமாலியா, பூட்டான், ஈராக், காங்கோ எனப் பல நாட்டவர் வந்தனர். அரசு ஒப்பந்தத்தின் கீழ் அவர்களை வரவேற்ற முகமைகள் கிறித்தவ அமைப்புகள். ஒரு சபை ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்கும் முறை அங்குண்டு. விமான நிலையத்தில் எதிர்கொள்வது, வாடகை வீட்டில் கட்டில், பாத்திரம், போர்வை வாங்கி வைப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, பேருந்து ஏறப் பழக்குவது வரை அச்சபையின் வேலை. முஸ்லிம் நாடுகள் சிலவற்றிலிருந்து வருவோரைத் தடுக்கும் ஆணையை அமெரிக்க அரசு பிறப்பித்ததும், 2017 ஜனவரி 30 அன்று முகமது அலி மையத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். மேயரே அக்கூட்டத்தைக் கூட்டினார்.

சுவரில் எழுதிய வெறுப்பு

2015 செப்டம்பரில் லூயிவில் இஸ்லாமிய மையத்தின் சுவரில் இரவோடிரவாகச் சிவப்புச் சாயத்தில் வெறுப்பு வாசகங்கள் எழுதப்பட்டிருந்தன. அழிப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். மையத்தார் அதைப் பொது நிகழ்ச்சியாக்கினர். பல சமயத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் வந்து கூடினர். தூரிகை பிடித்துச் சுவருக்கு வண்ணம் பூசினர்.

2019 ஜனவரி இறுதியில் சுவாமி நாராயண் கோயிலுக்குள் ஒருவர் புகுந்து சன்னல்களை உடைத்தார். தெய்வப் படத்தின்மீது கறுப்புச் சாயம் தெளித்தார். சுவர்களில் சிலுவைக் குறிகளை வரைந்தார். நாற்காலி ஒன்றில் கத்தி குத்தி நின்றது. 17 வயதுச் சிறுவன் கைதானான். அந்த வார இறுதியில் கிறித்தவர், முஸ்லிம், யூதர் எனப் பலரும் வந்து கோயிலைச் சுத்தம் செய்வதில் பங்கெடுத்தனர், மேயரும் வந்தார். இயேசுவின் பெயரால் செய்யப்பட்ட குற்றத்தின் தடயத்தைத் துடைக்கக் கிறித்தவர்களே முன்நின்றது கோயிலாருக்குப் பெரும் ஆறுதல்.

2016 ஜூன் மாதம் நடந்த முகமது அலியின் இறுதி நிகழ்ச்சி, பல சமயத்தவர் ஒன்றுகூடும் இந்தப் பழக்கத்தின் உச்சம். அதன் ஒழுங்கை அலி தம் வாழ்நாளிலேயே வகுத்துவைத்திருந்தார். ஜூன் 9-இல் இஸ்லாமிய முறைப்படி ஜனாஸா தொழுகை நடந்தது. மறுநாள் பல்சமய நினைவுக் கூட்டத்தில் இமாம், பாப்டிஸ்ட் போதகர், கத்தோலிக்கக் குரு, யூத ரபிகள், பௌத்தத் துறவிகள், பழங்குடித் தலைவர்கள் ஆகியோர் அடுத்தடுத்துப் பேசினர்.

2020: எல்லை தெரிந்த ஆண்டு

கருணை நகரத் தீர்மானத்தின் பத்தாண்டு முடியும் தறுவாயில், 2020 மார்ச் 13 நள்ளிரவுக்குப் பின், போதைப்பொருள் சோதனைக்காகக் கதவை உடைத்து நுழைந்த லூயிவில் காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் பிரியானா டெய்லர் என்ற 26 வயதுக் கறுப்பினப் பெண் தம் வீட்டிலேயே இறந்தார். மருத்துவத் துறையில் பணியாற்றியவர் அவர். நூறு நாட்களுக்கும் மேல் நகர மையத்தில் போராட்டம் நடந்தது. முன்னறிவிப்பின்றி வீடு புகும் சோதனைகளை நகர மன்றம் ஜூன் மாதம் தடைசெய்தது. செப்டம்பரில் அவர் குடும்பத்துக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடும் காவல்துறைச் சீர்திருத்தங்களும் அறிவிக்கப்பட்டன. ஆனால் அவர் மரணத்துக்காக எந்தக் காவலர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை என்று செப்டம்பர் 23-இல் தெரியவந்ததும் போராட்டம் மீண்டும் வெடித்தது.

செப்டம்பர் 24 இரவு ஊரடங்கு நேரம் நெருங்கியபோது, போராட்டக்காரர்கள் நகர மையத்திலுள்ள முதல் யூனிட்டேரியன் தேவாலயத்தின் வளாகத்துக்குள் சென்றனர். வழிபாட்டு இடத்தில் இருப்போருக்கு ஊரடங்கு பொருந்தாது என்ற விலக்கு அவர்களுக்குப் புகலிடமாயிற்று. வெளியே காவலர்கள் நின்றனர். உள்ளே தேவாலயத்தார் தங்கவைத்தனர். சில மணி நேரத்துக்குப் பின் போராட்டக்காரர்கள் கைதாகாமல் வீடு திரும்பினர். கருணை நகரத்தின் நிர்வாகம் தெருவிலும் அதன் சமய சபை ஒன்று மதிலுக்கு உள்ளேயும் எதிரெதிராக நின்ற இரவு அது.

2023 மார்ச் மாதம் அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட அறிக்கை, லூயிவில் காவல்துறை மிகையான பலத்தைப் பயன்படுத்துவதும் கறுப்பின மக்களிடம் பாகுபாடு காட்டுவதும் வழக்கமாகிவிட்டதாகக் கூறியது. கருணையை விழுமியமாக அறிவித்த அதே ஆண்டுகளில் அதே நிர்வாகத்தின் ஒரு துறையில் இது நடந்திருந்தது. ஒன்பதாம் தெருவுக்கு மேற்கே கறுப்பின மக்கள் பெரும்பாலும் வாழும் பகுதி, கடன், வீடு, மருத்துவம், வேலை என எல்லாவற்றிலும் பின்தங்கியே இருந்தது. தொண்டு வாரமும் தியானப் பயிற்சியும் ஒன்பதாம் தெரு என்னும் அந்தப் பிரிவுக் கோட்டினை அழிக்கவில்லை.

நீதி கேட்கும் சபைகள்

இந்தக் குறையை முன்பே சுட்டிய பல்சமய அமைப்புகளும் லூயிவில்லில் உண்டு. அவற்றுள் ஒன்று 'கிளவுட்'. பல சமய சபைகளின் கூட்டமைப்பான இது தருமம் செய்வதில்லை, கோரிக்கை வைக்கிறது. முதலில் சபைகளில் வீட்டுக் கூட்டங்கள் நடத்தி மக்களின் பிரச்சினைகளைக் கேட்டு, ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து ஆராய்கிறது. வசந்த காலத்தில் பெருங்கூட்டம் கூட்டி, அதிகாரிகளையும் மன்ற உறுப்பினர்களையும் மேடைக்கு அழைத்து, செய்வீர்களா மாட்டீர்களா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்கிறது. ஏழைகளுக்கான வீட்டு வசதி நிதியம் 2008-இல் உருவானதிலும் அதற்கு நிலையான நிதி கேட்டு நடந்த நீண்ட போராட்டத்திலும் இதற்குப் பங்குண்டு.

மற்றொன்று 'எம்பவர் வெஸ்ட்'. புனித ஸ்டீபன் பாப்டிஸ்ட் சபைப் போதகரும் சிம்மன்ஸ் கல்லூரித் தலைவருமான கெவின் காஸ்பியின் தலைமையில் கறுப்பின, வெள்ளையினப் போதகர்கள் சேர்ந்த கூட்டணி இது. அடிமை முறைக்குப் பின்னும் கறுப்பினத்தாரின் செல்வம் எவ்வாறு தடுக்கப்பட்டது என்பதை இரு தரப்புச் சபைகளும் சேர்ந்து படித்து விவாதிக்கின்றன. பகைமை நீங்கினால் போதும், பறிபோன பொருளாதார வாய்ப்பு தானே திரும்பும் என்று இவர்கள் நம்புவதில்லை.

அனுபவம் தரும் முடிபுகள்

லூயிவில்லின் பல்சமய முயற்சிகளை மூன்று படிகளாகப் பிரித்துக் காணலாம். முதலாவது பழகுதல். சமயங்களின் திருவிழா இந்த வகை. ஏற்கெனவே இணக்கம் உடையவர்களே பெரும்பாலும் இதற்கு வருகிறார்கள் என்ற விமரிசனத்தில் உண்மை உண்டு. எனினும் பள்ளிவாசல் சுவரிலும் கோயிலிலும் தாக்குதல் நடந்தபோது சில நாட்களில் நூற்றுக்கணக்கானோரைத் திரட்ட முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டாவது பகிர்தல். வட்டார உதவி அமைப்புகளும் உணவு வங்கியும் அகதிகளுக்குப் பொறுப்பேற்கும் சபைகளும் இதில் அடங்கும். இவை மேயர் மாறினாலும் நிற்பவை. ஃபிஷரின் பதவிக்காலம் 2023 ஜனவரியில் முடிந்தது. வட்டார அமைப்புகளின் கதவுகள் அதனால் அடைபடவில்லை.

மூன்றாவது கேட்டல். வீட்டு நிதியம், காவல்துறைச் சீர்திருத்தம் போன்றவற்றில் சமய சபைகள் நிர்வாகத்தின் நண்பராக மட்டும் இருந்தால் காரியம் நடப்பதில்லை. வேண்டியபோது எதிர்நின்று கேட்கவும் வேண்டும். கருணை நகரம் என்ற பட்டம் இங்கே இரு வகையில் பயன்பட்டது. நிர்வாகத்துக்கு அது நற்பெயர். போராடியவர்களுக்கு, நிர்வாகம் தானே கொடுத்த வாக்கு. 2020-இல் நகரத்தின் மீது வைக்கப்பட்ட கடுமையான விமரிசனம், அந்த வாக்கை அளவுகோலாக்கி வைக்கப்பட்டது. பழகுதலும் பகிர்தலும் லூயிவில்லில் வேரூன்றிவிட்டன. கேட்டல், ஒவ்வோர் ஆண்டின் நிதிநிலை அறிக்கையிலும் காவல்துறை விதிகளிலும் எவ்வளவு இடம்பெறுகிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பட்டத்தின் தகுதி அமையும்.